தேசிய கேம்ப் நம் ஊரில், நம் பெண்கள் எங்கே? பெங்களூரில் ஹாக்கி ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாந்திநகர் ஹாக்கி மைதானத்தில் காலை ஆறு மணிக்கு டர்ஃபுக்கு, அதாவது செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் அடிப்பார்கள். போன மாதம் அந்த நேரத்தில் கேட்டோரம் ஒரு அம்மா காத்திருந்தார். நீலசந்திராவிலிருந்து நடந்தே வந்தவர். கையில் துணிக்கடை கட்டைப்பை. உள்ளே மூன்று மெடல், ஒரு பேப்பர் கட்டிங், பளபளவென்று லேமினேட் செய்த ஒன்பது சர்டிஃபிகேட். "பொண்ணுக்குப் பதினேழு முடியப் போகுது மேடம். இதெல்லாம் வெச்சு ரயில்வேல கிடைக்குமா?" என்று கேட்டார்.

ஒன்பதையும் புரட்டிப் பார்த்தேன். எட்டு, தனியார் கிளப்புகள் நடத்திய அழைப்புப் போட்டிகளுடையவை. மீதி ஒன்று பள்ளி விளையாட்டுக்கானது. அதில் பெண்ணின் பெயர் ஆதாரில் இருப்பதுபோல் இல்லை. வேலைக்கு அந்தப் பையிலிருந்து ஒன்றும் உதவாது. அந்தப் பெண்ணோ எங்கள் குழுவிலேயே நல்ல லெஃப்ட் ஹாஃப், நடுவரிசையில் இடப்பக்கம் ஆடுகிறவள். பந்தை வாங்குவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுவாள். அந்தப் பழக்கம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

நான் ஜூனியர் அளவில் மாநிலத்துக்கு ஆடியவள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று பல வருடமாகப் போகிறது. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, அல்சூர், மர்ஃபி டவுன் என்று நம் தமிழ் வீட்டுப் பெண்கள் நிறைய வருகிறார்கள். பன்னிரண்டு வயதில் வருகிறவர்களில் பதினெட்டைத் தாண்டியும் மட்டையைக் கையில் வைத்திருப்பவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஆட்டம் வராமல் நின்றவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் எதில் தடுக்கி விழுந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

இந்தியப் பெண்கள் அணியின் கேம்ப் வருடக்கணக்காக நடப்பது நம் ஊரில்தான், மைசூர் ரோடு பக்கம் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அணியின் 16 பேரில் ஒன்பது பேர் ஹரியாணாக்காரர்கள். தென்னிந்தியாவிலிருந்து ஒருவரும் இல்லை. மாற்று கோல்கீப்பராக மட்டும் பக்கத்து ஆந்திராவின் ரஜனி எதிமர்பு இருந்தார். அந்த அணியின் ராணி ராம்பால், நவ்ஜோத், நவ்நீத் மூவரும் ஷாஹாபாத் என்ற ஒரே சின்ன ஊரில், ஒரே பயிற்சியாளரிடம் வளர்ந்தவர்கள். நமக்கு வரலாறு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1960களில் தேசியப் பட்டங்களை வரிசையாக வென்ற மைசூர் மாநில (இன்றைய கர்நாடகா) அணியின் கேப்டன் எல்வெரா பிரிட்டோ, நம் பெங்களூர்க்காரர். 1965இல் அர்ஜுனா விருது வாங்கியவர். அந்த ஊரில் இன்று இப்படி என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

முதலில் காகிதம். இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மத்திய அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், சான்றிதழுக்கு என்று தனிப் படிவங்கள் இருக்கின்றன. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. தேசிய சம்மேளனம் தர வேண்டும். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. மாநிலச் சங்கம் தரும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் படிவம் 3, பல்கலைக்கழகத்திடமிருந்து. தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4, மாநிலக் கல்வித்துறை இயக்குநரகத்திடமிருந்து. போட்டி முடிந்ததும் மேடையில் கொடுக்கும் அழகான சர்டிஃபிகேட் வேறு, இந்தப் படிவம் வேறு. இரண்டும் வேண்டும்.

ஆடிய அதே மாதத்திலேயே படிவத்தை வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் மாறியிருப்பார், அணிப் பட்டியல் எந்த பீரோவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்புகள் பொதுவாக 18 முதல் 25 வயது வரை கேட்கும். சாதனையும் அண்மைய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். பதினாறில் ஆடிய நேஷனல்ஸை நம்பி இருபத்திரண்டில் விண்ணப்பித்தால் அது கணக்கில் வராது. மெடலுக்கு வயதாகாது, சர்டிஃபிகேட்டுக்கு வயதாகும்.

லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்க்கிறவருக்கு மை முத்திரையும் தாளின் பின்பக்கமும் தேவைப்படும். சாதாரண பிளாஸ்டிக் ஃபைல் போதும். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து மெயிலில் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். இது நம் வீடுகளுக்கே உரிய தலைவலி. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர். தேசிய சம்மேளனமான ஹாக்கி இந்தியாவின் பதிவில், அன்றைக்கு ஃபார்ம் நிரப்பிய அண்ணனுக்குத் தோன்றிய ஸ்பெல்லிங். என் விஷயத்தில் மாநிலச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பள்ளிச் சான்றிதழில் பின்னால், அதுவும் வேறு எழுத்து. நேர்காணல் வரை போன பிறகு ஓர் அலுவலகத்தில் என் கோப்பை மூடி வைத்துவிட்டார்கள். அஃபிடவிட், கெஜட் அறிவிப்பு என்று அலைந்து சரிசெய்து வருவதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. வேலை அடுத்த வருடம்தான் கிடைத்தது. அந்த ஒரு வருடச் சம்பளத்தை நம்பி வீட்டில் கடன் வாங்கியிருந்தார்கள். மகளுக்குப் பத்து வயது என்றால் இன்றைக்கே நாலு காகிதத்தையும் மேஜையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு முன் சரிசெய்வது சுலபம், பிறகு மலைபோல.

வயதைக் குறைப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் வாதாட எதுவும் இல்லை. "ஒரு வருஷம் கம்மியா போட்டா சப்-ஜூனியர்ல இன்னொரு வாட்டி ஆடலாம்" என்று காதில் ஓதுகிறவர்கள் எல்லா மைதானத்திலும் இருக்கிறார்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்ப்பார்கள். மாட்டினால் தடை. யோசனை சொன்னவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார், தலைகுனிவு பிள்ளைக்கு மட்டும்தான்.

கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ சொந்த வீடும் ரேஷன் கார்டும் இருக்கிற குடும்பங்களில் இன்னொரு ஆசை வரும். கர்நாடகா அணியில் குடகுப் பிள்ளைகளோடு போட்டி கடுமை, மாமா வீட்டு முகவரியில் தமிழ்நாட்டுக்கு ஆடவிடலாமா என்று. எந்த மாநிலத்துக்கு ஆடினாலும் பெருமைதான். ஆனால் பதிவு ஒரு மாநிலத்தில்தான் இருக்க முடியும்; மாறவேண்டுமானால் பழைய சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும், முறைப்படி மாற்றம் நடக்க வேண்டும். இங்கே ஒரு சீசன், அங்கே ஒரு சீசன் என்று ஓடிய இரண்டு பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமும் தேர்வாகாமல் ஜூனியர் வயதே கடந்துவிட்டது. எங்கே பயிற்சி எடுக்கிறாளோ, எந்த மைதானத்தில் அவளை வாராவாரம் பார்க்கிறார்களோ, அங்கேயே ஆடட்டும்.

அப்படி இங்கே ஆடுவதென்றால் கன்னடம் சரளமாக வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற கன்னடம் போதாது. இடைவேளையில் கோச் இரண்டே நிமிடம் மூச்சுவிடாமல் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த குவார்ட்டரில் செய்து காட்ட வேண்டும். நேஷனல் கேம்ப் என்றால் இந்தி. வெட்கப்பட்டு வாயைத் திறக்காத பிள்ளையை, ஆர்வமில்லாதவள் என்று எழுதிவைத்துவிடுவார்கள். ஹாஃபும் டிஃபெண்டரும் கத்திக் கத்தி முன்னால் இருப்பவரை நகர்த்த வேண்டிய ஆட்டம் இது. மௌனமாக ஆட முடியாது.

இனி உடம்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், அம்மாக்கள் குறிப்பாக.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21), 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. பாதிக்கு மேல். இந்த நிலையில்தான் பதினைந்து நிமிடக் குவார்ட்டர் நான்கில், 91.4 மீட்டர் நீள மைதானத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறார்கள். "மூணாவது குவார்ட்டர்ல காலு வரமாட்டேங்குது அக்கா" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் முன்பெல்லாம் இன்னும் இரண்டு ரவுண்டு ஓடச் சொல்வேன். இப்போது ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், ஹீமோகுளோபினோடு ஃபெர்ரிட்டினும் சேர்த்து. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும். ஃபெர்ரிட்டினில்தான் அது தெரியும். டாக்டர் சொன்னால் மாத்திரை. வீட்டில் செய்ய வேண்டியது, சாப்பாட்டோடு காபி, டீ கொடுக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுப்பது. இரண்டும் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கீரையோ பயறோ ராகியோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டாலோ நன்றாகச் சேரும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஒரு டம்ளர் காபியை மட்டும் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டு வாழைப்பழமாவது கொடுத்தனுப்புங்கள்.

மாதவிலக்கு நின்றுபோனால் "நல்லா ஓடறா, அதான்" என்று விட்டுவிடும் வழக்கம் ஆட்டக்காரிகள் மத்தியிலேயே இருக்கிறது. அது உடம்பு அடிக்கிற அபாய மணி. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் அதை நிறுத்திவைக்கும். அடுத்து எலும்பு பலவீனமாகும். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். ஆண் கோச்சிடம் பிள்ளை இதைச் சொல்லமாட்டாள். வீட்டில் கேட்க ஆள் வேண்டும். எடை கூடியதைக் கிண்டல் செய்யாத வீடும் வேண்டும்.

பிறகு முழங்கால். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும் விளையாட்டுகளில், முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். போன வருடம் எங்கள் மைதானத்திலேயே ஒன்று நடந்தது. டேக்கிளுக்கு யாரும் பக்கத்தில் இல்லை. அந்தப் பெண் வலதுபக்கம் திரும்பினாள், "டக்" என்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரத்தில் முழங்கால் வீங்கிப் பந்துபோல் ஆகிவிட்டது. நான் ஆர்த்தோ டாக்டரிடம் போகச் சொன்னேன். வீட்டில் நேராகக் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூன்று கட்டு, ஆறு வாரம். வலி குறைந்ததும் திரும்ப ஆட வந்துவிட்டாள். இரண்டாவது நாள் அதே கால் மறுபடி வழுக்கியது. இந்தமுறை உள்ளே இருக்கும் ஜவ்வும் கிழிந்துவிட்டது. எலும்பு முறிந்தால் கட்டுக்கட்டி ஆறியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு, அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. லிகமென்ட் அறுந்ததைக் கட்டு சேர்த்துவைக்காது. எம்.ஆர்.ஐ. எடுத்து விளையாட்டுக் காயம் தெரிந்த டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் என்றால் அதற்குப்பின் ஒன்பது மாதமாவது பிசியோதெரபி. அதற்குள் களத்தில் இறங்கினால் மறுபடி அறும் ஆபத்து பல மடங்கு. டோக்கியோ கனவோடு இருந்த சுனிதா லாக்ரா முழங்கால் காயத்தால் 2020 ஜனவரியில் ஓய்வை அறிவிக்க வேண்டிவந்தது. அவருக்குத் தேசிய அணியின் மருத்துவ வசதி எல்லாமே இருந்தது. ஒற்றைக்கால் ஸ்குவாட், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்காமல் பார்ப்பது, பின்தொடையை வலுவாக்குவது என்று தினம் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் இந்தக் காயத்தைக் கணிசமாகக் குறைக்கலாம். வார்ம்-அப்பில் பேசிக்கொண்டே இரண்டு சுற்று ஓடிவிட்டு பந்தை எடுக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசியுங்கள்.

மாத்திரை விஷயமும் உடம்பு விஷயம்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். போட்டி நாளில் சிறுநீரில் அளவு மீறினால் ஊக்கமருந்து வழக்கு. ஒவ்வாமைக்கும் வீக்கத்துக்கும் சில டாக்டர்கள் சட்டென்று எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. ஜிம் அண்ணன் கொடுக்கும் பவுடர் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. உள்ளே போனதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு என்பது சட்டம். தெரியாமல் சாப்பிட்டேன் என்பதால் வழக்கு இல்லாமல் போகாது. டாக்டரிடம் "நான் போட்டியில் ஆடுகிறவள், நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) சோதனை உண்டு" என்று முதல் வரியிலேயே சொல்லச் சொல்லிப் பிள்ளையைப் பழக்குங்கள்.

ஆட்டத்துக்குள் நடக்கும் தவறுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். எல்லாருக்கும் ஃபார்வர்டாக, முன்வரிசையில் ஆட ஆசை. கோல் போட்டால்தான் பேப்பரில் பெயர் வரும் என்று வீட்டிலும் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 2 அன்று ஆஸ்திரேலியாவை 1–0 என்று வென்ற காலிறுதியை யோசித்துப் பாருங்கள். ஒரே கோல், 22ஆவது நிமிடத்தில், பெனால்டி கார்னரில் (எதிரணி தன் வட்டத்துக்குள் தவறு செய்தால், கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி ஆரம்பிக்கும் வாய்ப்பு) குர்ஜித் கவுர் அடித்தது, அவர் டிஃபெண்டர். மீதி நேரமெல்லாம் கோல்கீப்பர் சவிதா புனியாவும் பின்வரிசையும் உயிரைக் கொடுத்துக் காத்தார்கள். கார்னரில் பந்தைத் தள்ளிவிடுகிறவர், நிறுத்துகிறவர், ஃபிளிக் அடிப்பவர், எதிரணிக் கார்னரில் முகமூடியோடு முதலில் பாய்கிறவர் என்று ஒவ்வொன்றும் தனித் தொழில். ஒலிம்பிக்குக்கு 16 பேரைத்தான் எடுப்பார்கள் என்னும்போது, இரண்டு வேலை தெரிந்தவருக்கு இடம் உண்டு. ஆனால் பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கைப் பன்னிரண்டு வயதில் நூறு நூறாக அடிக்கவிடாதீர்கள், இடுப்பு தாங்காது.

மட்டை விஷயத்தில் அப்பாக்கள் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தொண்ணூற்றைந்து சதவீதம் கார்பன், பதினெட்டாயிரம் ரூபாய். அவ்வளவு விறைப்பான மட்டையில் பந்து பட்டுத் தெறித்து ஓடும். நிறுத்தக் கற்றுக்கொள்கிற வயதில் அது வேண்டாம். குறைந்த கார்பன், இடுப்பெலும்பு உயரம், அது போதும். மிச்சக் காசில் மவுத்கார்டும் ஷின்பேடும் நல்ல டர்ஃப் ஷூவும் வாங்குங்கள். பந்து 156 கிராமுக்குக் குறையாது, பல் போனால் போனதுதான்.

படிப்பை நிறுத்துவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். 2025 ஜனவரியில் பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியபோது டோக்கியோ அணியின் உதிதா 32 லட்சத்துக்கு ஏலம் போன செய்தியை ஃபார்வர்டு செய்யாத வீட்டுக் குரூப் இல்லை. அந்த லீக்கில் இருந்தது நான்கே அணிகள். ஏலத்தின் அடிப்படை விலை 2 லட்சத்தில் தொடங்கியது. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் கைச்செலவுக்கு மாதம் பத்தாயிரம் வரும். உதவிதான், குடும்பம் நடத்தாது. சவிதா புனியா இந்தியாவுக்குப் பல வருடம் ஆடியும் வேலையில்லாமல் காத்திருந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பி.யு.சி.யோடு நின்றவருக்கும் டிகிரி முடித்தவருக்கும் அதே கோட்டாவில் கிடைக்கும் பதவி வேறு, சம்பளம் வேறு. கல்லூரியில் சேர்ந்தால் பல்கலைக்கழகப் போட்டிகள் வேறு திறக்கும். அதுதான் அந்தப் படிவம் 3. பின்னாளில் பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) கோச்சிங் டிப்ளமோவுக்கும் டிகிரி கேட்பார்கள். ஆடும்போதே ஹாக்கி இந்தியாவின் அடிப்படைக் கோச்சிங் கோர்ஸையும் அம்பயர் தேர்வையும் முடித்துவைத்த என் தோழிகள் மூன்று பேர், கல்யாணம் குழந்தை என்று ஆன பிறகும் களத்தில்தான் இருக்கிறார்கள். ஒருத்தி போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதுக் குழந்தை பாட்டி மடியில், பெஞ்சில்.

நீலசந்திரா அம்மாவிடம் அன்று நான் சொன்னது இவ்வளவும் இல்லை. முதலில் ஆதாரையும் மார்க்ஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள், பெயரைச் சரிசெய்யக் கேளுங்கள் என்றேன். ஜூனியர் மாநிலத் தேர்வு வரை வேறு அழைப்புப் போட்டி எதுவும் வேண்டாம் என்றேன். பையை மடித்துக்கொண்டே, "காபிய நிறுத்திட்டு வாழைப்பழம் குடுக்கறேன் மேடம், அதுவும் சொன்னீங்களே" என்றார். அவர் பெண் அதற்குள் தண்ணீர் அடித்த டர்ஃபில் இறங்கி, பந்துக்கு முன்னால் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள்.